உங்களுக்குத் தெரியுமா? செங்கோட்டு மலையடியில் பணம் போகும் வழி

தறிக்கூலி, போர்வெல் ரிக் வண்டியின் வழிச்செலவு, மஞ்சள் ஏலத்தொகை எல்லாமே திருச்செங்கோட்டில் இன்று போன் வழியாகவே கை மாறுகின்றன. பணம் வேகமாகப் போகிறது, சரி. ஏழைக்கு நியாயமான வட்டியில் கடன் கிடைக்கிறதா? பிடித்து வைத்த காசு பத்திரமாக இருக்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் பிடித்துக்கொண்டு, சில தகவல்கள்.

ஆசிரமத்தில் தொடங்கிய கணக்கு

திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமத்தைத் தொடங்கியது 1925 பிப்ரவரியில். சுற்று வட்டாரக் கிராமத்துப் பெண்கள் நூற்ற நூலுக்கு அங்கே ரொக்கக் கூலி கிடைத்தது. மழை பொய்த்த காலத்தில் பல வீடுகளுக்கு அந்தக் காசுதான் வருமானம். கல்கியும் இங்கே இருந்துதான் ராஜாஜியோடு சேர்ந்து ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழை நடத்தினார். குடியும் கடனும் குடும்பத்தை எப்படி அழிக்கும் என்பதை இருவரும் இந்த மண்ணில் நேரில் பார்த்தார்கள்.

வட்டியை ரத்து செய்த சட்டம்

அதே ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமரானதும் 1938-இல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. 1932 அக்டோபருக்கு முன் வாங்கிய விவசாயக் கடன்களில், 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி முழுவதையும் அது தள்ளுபடி செய்தது. அசலைப் போல் இரண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்தது என்றும் சொன்னது. வங்கிக் கணக்கு, செயலி எதுவும் இல்லாத காலத்திலேயே ‘வட்டிக்கு ஓர் எல்லை உண்டு’ என்று சட்டம் பேசியிருக்கிறது.

முதல் மதுவிலக்கும் விற்பனை வரியும்

1937 அக்டோபர் 1-இல் மாகாணத்திலேயே முதலாவதாக மதுவிலக்கு வந்தது சேலம் மாவட்டத்தில். திருச்செங்கோடு அப்போது அந்த மாவட்டத்துக்குள் இருந்தது. சாராய வருமானம் போனதால் விழுந்த ஓட்டையை அடைக்க 1939-இல் பொது விற்பனை வரிச் சட்டம் கொண்டுவரப்பட்டது.

நாட்டின் முதல் கடன் சங்கம் நம் மாநிலத்தில்

கடனில் மூழ்கிய விவசாயிகளுக்கு என்ன வழி என்று ஆராயும் பொறுப்பைச் சென்னை அரசு ஃபிரெடரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியிடம் கொடுத்தது. ஜெர்மனியில் ராய்ஃபைசன் தொடங்கிய கிராமக் கடன் சங்கங்களைப் போல இங்கும் வேண்டும் என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் சங்கம் பதிவானது. இன்று பயிர்க்கடனுக்கும் உரத்துக்கும் நாம் போய் நிற்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆரம்பம் அதுதான்.

மணியார்டரில் இருந்து மொபைலுக்கு

இந்தியாவில் அஞ்சலகம் வழியாக மணியார்டர் அனுப்பும் வசதி 1880-இலும், அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882-இலும் வந்தன. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. இங்குள்ள வேலைகளுக்கு வட மாநிலத் தொழிலாளர்கள் வருகிறார்கள். ஊருக்குப் பணம் அனுப்ப இந்த இரு பக்கத்தாரும் ஒரு காலத்தில் தபால்காரரை நம்பியிருந்தார்கள். எந்த நேரமும் உடனே பணம் அனுப்பும் ஐ.எம்.பி.எஸ். வசதி 2010 நவம்பரில் வந்தபோதுதான் அந்தக் காத்திருப்பு முடிவுக்கு வந்தது.

சேலத்துக்கென்று ஒரு பேங்க் இருந்தது

1925-இல் தொடங்கிய சேலம் பேங்க், 1960-களில் இந்தியன் வங்கியோடு இணைந்தது. மன்னார்குடி பேங்கும் இப்படித்தான் இணைந்தது. இன்று சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குவது தமிழ்நாடு கிராம வங்கி. பல்லவன் கிராம வங்கியும் பாண்டியன் கிராம வங்கியும் 2019 ஏப்ரல் 1-இல் ஒன்றானபோது அது பிறந்தது.

வங்கி மூழ்கினால் உங்கள் பணம்?

1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் பேங்க் சரிந்தது. அந்த அதிர்ச்சியில், 1962 ஜனவரி 1 முதல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது. அன்று ஒருவருக்கு ரூ.1,500 வரைதான் பாதுகாப்பு. 2020 பிப்ரவரி முதல் ஒரு வங்கியில் ஒருவருக்கு ரூ.5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. இதற்கு நீங்கள் ஒரு காசும் கட்ட வேண்டாம், வங்கியே பிரீமியம் கட்டுகிறது. தெருமுனை ஃபைனான்ஸில் போட்ட பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது.

குழுப் பெண்கள் காட்டிய வழி

ஐ.நா.வின் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1989-இல் தருமபுரி மாவட்டத்தில் சுய உதவிக் குழுக்களைத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளிலேயே திட்டம் சேலம் மாவட்டத்துக்கு வந்தது. திருச்செங்கோடு இன்று இருக்கும் நாமக்கல் மாவட்டம் சேலத்திலிருந்து தனியாகப் பிரிந்தது 1997-இல் என்பதால், இந்தப் பகுதியும் தொடக்கக் காலத்திலேயே திட்டத்துக்குள் வந்துவிட்டது. வாரம் சில ரூபாய் சேர்த்து, நோட்டில் எழுதி, தங்களுக்குள் கடன் கொடுத்துத் திருப்பிக் கட்டிய பெண்களைப் பார்த்த பிறகுதான், அடமானம் இல்லாமல் ஏழைக்குக் கடன் தரலாம் என்ற நம்பிக்கை வங்கிகளுக்கு வந்தது. 1992-இல் நபார்டு வங்கி, குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நாடு முழுக்க முன்னோட்டமாகத் தொடங்கியது.

எல்லா வீட்டுக்கும் கணக்கு: முதல் கிராமம்

நாட்டிலேயே முதலாவதாக எல்லா வீடுகளுக்கும் வங்கி வசதி கிடைத்த கிராமம் புதுச்சேரியின் மங்கலம். அதைச் செய்தது இந்தியன் வங்கி. குறைந்தபட்ச இருப்பு கேட்காத எளிய கணக்குகளைத் தொடங்கச் சொல்லி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் கேட்டுக்கொண்டது 2005 நவம்பரில்.

ஒரே வாரத்தில் 1.8 கோடி

2014 ஆகஸ்ட் 28-இல் பிரதமர் ஜன் தன் திட்டம் தொடங்கியது. அந்த ஒரே வாரத்தில் 1,80,96,130 கணக்குகள் திறக்கப்பட்டு கின்னஸ் சாதனையானது. 2025 ஆகஸ்டில் கணக்குகள் 56 கோடியைத் தாண்டிவிட்டன. அவற்றில் பாதிக்கும் மேல் பெண்களுடையவை.

கணக்கு இருக்கிறது, பயன்பாடு?

உலக வங்கியின் கணக்கெடுப்புப்படி, 2011-இல் இந்தியாவில் கணக்கு வைத்திருந்த பெரியவர்கள் 35 சதவீதம். 2024-இல் அது 89 சதவீதம். 2021-இல் கணக்கு வைத்திருந்தவர்களில் மூன்றில் ஒருவர் ஓராண்டாக அதைத் தொடவே இல்லை. பாஸ்புக் அலமாரியில் கிடந்தால் அந்தக் கணக்கால் வீட்டுக்கு என்ன பயன்? கூலியும் மானியமும் அதில் வந்து, அவசரத்துக்கு அதிலிருந்தே எடுக்க முடிந்தால்தான் அது நம் கணக்கு.

பத்தாயிரம் மடங்கு

யு.பி.ஐ. 2016 ஏப்ரல் 11-இல் அறிமுகமானது. அந்த டிசம்பரில் மாதம் முழுக்க நடந்த பரிமாற்றங்கள் சுமார் 20 லட்சம். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடியைத் தாண்டியது. தள்ளுவண்டிக் கடையிலும் இளநீர்க் கடையிலும் ‘பணம் பெறப்பட்டது’ என்று தமிழில் சொல்லும் பெட்டி இருப்பதற்குக் காரணம், சாதாரண கணக்கிலிருந்து வரும் பணத்துக்குக் கடைக்காரர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை என்பதுதான்.

பட்டன் போனிலும் முடியும்

ஸ்மார்ட்போன் இல்லையா? 2022 மார்ச்சில் வந்த யு.பி.ஐ. 123பே சேவை பட்டன் போனுக்காகவே உருவானது. இணையம் தேவையில்லை. *99# என்று டயல் செய்தும் இருப்பைப் பார்க்கலாம், பணம் அனுப்பலாம். அப்பாவுக்கும் பாட்டிக்கும் ஒரு முறை உட்கார்ந்து சொல்லிக் கொடுங்கள். பின் எண்ணை அவர்களே போடட்டும்.

கைரேகை வைத்தால் ரசீது கேளுங்கள்

ஏ.டி.எம். இல்லாத ஊரில் வங்கி மித்ரா கையடக்கக் கருவியோடு வருவார். ஆதார் எண்ணும் கைரேகையும் கொடுத்தால் பணம் எடுக்கலாம். வங்கிகள் இப்படி முகவர்களை வைத்துக்கொள்ள ரிசர்வ் வங்கி அனுமதித்தது 2006-இல். ‘ரேகை விழவில்லை, இன்னொரு தடவை வையுங்கள்’ என்றால், முதல் தடவை பணம் போனதா என்று பார்த்துவிட்டே கை வையுங்கள். ரசீது வாங்காமல் நகர வேண்டாம். தேவைப்படாத நேரத்தில் ஆதார் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் இலவசமாகவே இருக்கிறது.

சுங்கச்சாவடியில் மிச்சமான நேரம்

2021 பிப்ரவரி நடுவில் நாடு முழுக்க ஃபாஸ்டேக் கட்டாயமானது. நாமக்கல் லாரிக்கும் திருச்செங்கோட்டு ரிக்குக்கும் இது பெரிய மாற்றம். முன்பு வழிச்செலவுக்கு டிரைவர் கட்டுக்கட்டாக ரொக்கம் வைத்திருக்க வேண்டும், ராத்திரி வண்டியை நிறுத்தவே பயம். இன்று முதலாளி ஊரில் இருந்தபடியே டோலுக்கும் டீசலுக்கும் பணம் போடுகிறார்.

ஆயிரம் ரூபாயில் கை வைக்கலாமா?

2023 செப்டம்பர் 15-இல் காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத்தொகை, ஒரு கோடிக்கும் மேலான பெண்களின் சொந்தக் கணக்குக்கு மாதம் ரூ.1,000 கொண்டு வந்தது. முதல் மாதத்திலேயே, குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதில் பிடித்ததாகப் புகார் எழுந்தது. அப்படிச் செய்யக் கூடாது என்று மாநில நிதியமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகக் கண்டித்தார். ஸ்டேட் வங்கி 2020-இலும், கனரா வங்கியும் இந்தியன் வங்கியும் 2025-இலும் சேமிப்புக் கணக்குக்கு இந்த அபராதத்தையே கைவிட்டன. உங்கள் பாஸ்புக்கில் இன்னும் பிடித்தம் இருந்தால் காரணம் கேளுங்கள்.

‘அஞ்சு வட்டி’ என்றால் எவ்வளவு?

நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய். ஆண்டுக்கு 60 சதவீதம்! பத்து வாரக் கடன் இன்னும் மோசம். ரூ.10,000 என்று எழுதி, ரூ.1,000 பிடித்துக்கொண்டு கையில் ரூ.9,000 கொடுக்கிறார்கள். வாரம் ரூ.1,000 வீதம் பத்து வாரம் கட்ட வேண்டும். ‘ஆயிரம்தானே போகிறது’ என்று தோன்றும். வாரா வாரம் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆண்டு வட்டி 100 சதவீதத்தைத் தாண்டுகிறது.

தறிக்கு முன்பணம், வாழ்க்கைக்குச் சுருக்கு

பள்ளிபாளையம், குமாரபாளையம் பகுதியில் விசைத்தறித் தொழிலாளி வேலைக்குச் சேரும்போதே முன்பணம் வாங்குவது நெடுநாள் வழக்கம். அதை அடைக்கும் வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது. கல்யாணம், ஆஸ்பத்திரி, பள்ளிக் கட்டணம் என்று வரும்போது அதன் மேல் குழு லோன், அதை அடைக்க இன்னொரு குழு லோன். 2025 ஜூலையில் பள்ளிபாளையத்தில் கடன் நெருக்கடியால் தொழிலாளர்கள் சிறுநீரகத்தை விற்றது வெளியே வந்து, அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது. திருச்செங்கோட்டில் இருந்து கூப்பிடு தூரத்தில் நடந்த சங்கதி இது. வீட்டுக்கு வீடு வங்கிக் கணக்கும் கைக்குக் கை போனும் இருந்தும் இது நடந்திருக்கிறது. அவசரத்துக்கு நியாயமான வட்டியில் ஒரு சிறு கடன் கிடைக்காதவரை, எல்லாரையும் வங்கிக்குள் கொண்டுவந்துவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ள முடியாது.

குழு லோனுக்கும் சட்டம் உண்டு

2022 ஏப்ரல் முதல் ரிசர்வ் வங்கியின் நுண்கடன் விதிகள் நடைமுறையில் உள்ளன. ஆண்டு வருமானம் ரூ.3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் தரும் கடன் நுண்கடன். எல்லாக் கடன்களுக்கும் சேர்த்து மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொந்தரவு செய்யக் கூடாது. இருட்டிய பிறகு வாசலில் வந்து உட்காருபவரிடம் இந்த விதியைச் சொல்லுங்கள்.

கந்துவட்டிக்குச் சிறை

தமிழ்நாட்டின் 2003-ஆம் ஆண்டு அதீத வட்டித் தடைச் சட்டம் தினவட்டி, மணிவட்டி, மீட்டர் வட்டி, கந்துவட்டி, தண்டல் எல்லாவற்றையும் பெயர் சொல்லியே தடை செய்கிறது. மீறினால் 3 ஆண்டு வரை சிறை. கடன் வசூலில் மிரட்டலையும் வலுக்கட்டாயத்தையும் தடுக்க 2025-இல் இன்னொரு தனிச் சட்டமும் வந்திருக்கிறது.

செயலிக் கடனா? மூன்று கேள்விகள்

கடன் பணம் நேராக உங்கள் வங்கிக் கணக்குக்கு வருகிறதா? போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி கேட்கிறதா? எல்லாக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டியை எழுத்தில் காட்டுகிறதா? 2022-இல் வந்த டிஜிட்டல் கடன் விதிப்படி முதலாவதற்கும் மூன்றாவதற்கும் ‘ஆம்’, இரண்டாவதற்கு ‘இல்லை’ என்று பதில் வர வேண்டும். அனுமதி பெற்ற நிறுவனங்களின் கடன் செயலிப் பட்டியல் 2025 ஜூலை முதல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது.

கென்யாவும் இதே பாடம் படித்தது

2007 மார்ச்சில் கென்யாவில் தொடங்கிய எம்-பெசா, வங்கிக் கணக்கே இல்லாதவர்களுக்கும் போனில் பணம் அனுப்பும் வழியைத் திறந்தது. உலகமே பாராட்டியது. பின்னாலேயே போன் கடன்கள் வந்தன, கடனாளிகளும் பெருகினார்கள். 2022-இல் அந்நாட்டு மத்திய வங்கி டிஜிட்டல் கடன் தருபவர்கள் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்று விதி செய்தது.

நகையைத் திருப்பத் தாமதமா?

அவசரத்துக்கு நம் ஊரில் முதலில் கைகொடுப்பது நகைக்கடன்தான். 2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட புதிய விதி, ரூ.2.5 லட்சம் வரையான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம் என்கிறது. கடனை முழுதும் அடைத்த பிறகு 7 வேலை நாளுக்குள் நகையைத் தர வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.5,000 இழப்பீடு. இது வங்கிக்கும் உரிமம் பெற்ற நிதி நிறுவனத்துக்கும் பொருந்தும்.

சீட்டுப் போடும் முன்

இந்தியா முழுமைக்குமான சீட்டு நிதிச் சட்டம் வந்தது 1982-இல். தமிழ்நாடு 1961-லேயே தனக்கென்று ஒன்று வைத்திருந்தது. பதிவு பெற்ற சீட்டா என்று சார்பதிவாளர் அலுவலகம் வழியாகவே விசாரிக்கலாம். பதிவில்லாத சீட்டில் ஆள் ஓடிப்போனால் கையில் எந்தப் பிடியும் இருக்காது.

ஈமு கோழி சொல்லும் எச்சரிக்கை

2012-இல் பக்கத்துப் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தபோது கொங்கு வட்டாரத்தின் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் சேமிப்பை இழந்தன. ரெண்டே வருடத்தில் இரட்டிப்பு என்று போனில் குறுஞ்செய்தி வந்தால் இதை நினைவில் கொள்ளுங்கள். மோசடி வைப்பு நிறுவனங்களின் சொத்தை முடக்க 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் போன பணம் முழுதாகத் திரும்புவது அரிது.

பணம் வாங்கப் பின் எண் வேண்டாம்

யு.பி.ஐ.யில் பணம் அனுப்பத்தான் பின் எண். பணம் வருவதற்குப் பின் எண் கேட்டால் அது ஏமாற்று. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு.

ஆண்டுக்கு 20 ரூபாய்

ரிக்கிலும் தறியிலும் லாரியிலும் வேலை பார்ப்பவர்கள் கட்டாயம் கேட்க வேண்டியது பிரதமர் சுரக்ஷா பீமா. ஆண்டுக்கு ரூ.20-இல் ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு, 18 முதல் 70 வயது வரை. ஜீவன் ஜோதி பீமாவில் ஆண்டுக்கு ரூ.436 கட்டினால் எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்துக்கு ரூ.2 லட்சம். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும். கையெழுத்துப் போட்டிருப்பதை வீட்டில் இன்னொருவரிடம் சொல்லி வையுங்கள். தெரியாததாலேயே கேட்கப்படாமல் போகும் காப்பீட்டுத் தொகைகள் உண்டு.

தாத்தாவின் கணக்கைத் தேடலாம்

பத்தாண்டுகளாகத் தொடாத வைப்புத் தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். ஆனாலும் வாரிசுகள் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பெறலாம். எந்த வங்கியில் இருக்கிறது என்று தேட 2023 ஆகஸ்டில் ‘உத்கம்’ இணையதளம் வந்தது. 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு நியமனதாரர் வரை குறிப்பிடலாம்.

கேட்பதற்குக் காசில்லை

வங்கியோ நிதி நிறுவனமோ உங்கள் புகாருக்கு 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது பதில் திருப்தி இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தனித்தனியாக இருந்த குறைதீர்ப்புத் திட்டங்கள் 2021 நவம்பரில் ஒரே திட்டமாக்கப்பட்டன. வக்கீல் வேண்டாம், கட்டணம் கிடையாது. அதோடு ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை உங்கள் கடன் அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். உங்கள் ஆதாரைக் காட்டி வேறு யாராவது கடன் வாங்கியிருந்தால் அதில் தெரிந்துவிடும்.

1938-இல் வட்டிக்கு வரம்பு கட்டச் சட்டம் தேவைப்பட்டது. இன்று வரம்புகள் எழுத்தில் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளாத வீடுகளில்தான் பத்து வாரக் கடன் பிழைக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்தில் வரவு செலவு நோட்டை மூடும் முன், நுண்கடன் விதியையும் 1930 என்ற எண்ணையும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசியுங்கள்.